சாம்பியனுக்கு ஒரு சோதனை

இருமல் மருந்தை நினைத்ததும் சாம்பியன் தன்னையே திட்டிக்கொண்டான். காலையில் மனைவி கொடுத்தாளே என்று, என்ன ஏதென்று பார்க்காமல் இரண்டு மூடி குடித்துத் தொலைத்திருந்தான்.

கோப்பையை வாங்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்ததுமே அந்தக் கோட்டுக்காரர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"ஊக்கமருந்து டெஸ்ட், சார். சிறுநீர் கொடுக்கற வரைக்கும் நீங்க என் கண்ணை விட்டு நகரக் கூடாது."

சின்ன டென்னிஸ் போட்டிகளிலேயே முதல் சுற்றில் மூட்டை கட்டுகிறவன் அவன். இவ்வளவு பெரிய போட்டியில் ஜெயித்தவனுக்கு இப்படி ஒரு காவல் உண்டு என்று கேள்விப்பட்டதோடு சரி. அவர் பின்னால் நடந்தான்.

நடைவழியில் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, ஜெயிச்சுட்டீங்க!"

கோட்டுக்காரர் குறுக்கே கை நீட்டினார். "டெஸ்ட் முடியட்டும் மேடம். அதுவரைக்கும் யாரும் கூட வரக் கூடாது."

"அந்த மருந்து..." என்று ஆரம்பித்தவளைச் சாம்பியன் கண்ணாலேயே அடக்கினான். மருந்தில் ஏதாவது இருந்தால் கோப்பை போய்விடும், பெயரும் நாறிவிடும். இந்த நேரத்தில் வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குவானா?

படியிறங்கி, சலவை அறைகளைத் தாண்டி, ஜன்னலே இல்லாத ஓர் அறை. கோட்டுக்காரர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நிறையத் தண்ணி குடிங்க. அப்பதான் வரும்."

அவர் நீட்டிய பாட்டிலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. இருந்த தாகத்துக்குச் சாம்பியன் ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தான்.

"நீங்க ஜெயிப்பீங்கன்னு ஒருத்தர்கூட நினைக்கல சார். எதிராளி மேல இருக்கற பணத்தையெல்லாம் பந்தயம் கட்டினவங்க இன்னிக்கு நடுத்தெருவுல நிக்கறாங்க."

சாம்பியன் சிரிக்கப் பார்த்தான். உதடு மரத்திருந்தது. எழ முயன்றான், கால் ஒத்துழைக்கவில்லை. பாழாய்ப்போன இருமல் மருந்து இப்போதா வேலையைக் காட்ட வேண்டும் என்று நொந்துகொண்டான்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கோட்டுக்காரர் சட்டென்று விளக்கை அணைத்தார்.

வெளியே ஒரு பெண்குரல் பதறியது.

"உள்ள யாராவது இருக்கீங்களா? சாம்பியனை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன், ஆளையே காணோம்!"