உருமாத் துண்டு

"தலையில கத்தி வைக்காதீங்க. மீசையிலயும்தான்."

சுந்தரமூர்த்தி சொன்னதும் சவரக்காரர் கத்தியை மடக்கிக்கொண்டு திருதிருவென்று முழித்தார். நீலசந்திராவிலிருந்து வந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் காரியக் கொட்டகையில் திரும்பிப் பார்த்தது.

நாகேஷுக்குச் சுருக்கென்றது. காரியம் அவன் அக்கா ஜெயலட்சுமிக்கு. ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது அவள் புருஷன் சுந்தரமூர்த்தி. கொள்ளி வைத்தவர் மொட்டை போட்டு, மீசையை எடுத்து, குளித்துவிட்டு வந்தால், மைத்துனன் அந்தத் தலையில் புதுத்துண்டால் உருமா கட்ட வேண்டும். அந்தத் துண்டோடுதான் நாகேஷ் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாமா இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா."

"எங்கக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

சுந்தரமூர்த்தி வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார்.

"இந்த வயசுல மீசை மேல ஆசையப் பாரு," என்றது ஒரு குரல்.

"வீடு வீடாப் பார்சல் கொண்டுபோறவரு. மொட்டைத் தலையோட போனா அழகு கொறைஞ்சிடும்ல?" என்றது இன்னொன்று. காரிய வீட்டிலும் ஊர் வாய்க்கு ஓய்வு கிடையாது.

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேன் ஓட்டியவர் சுந்தரமூர்த்தி. கம்பெனியை மூடியதும், அறுபது வயசுக்கு மேல் சொந்த ஸ்கூட்டரில் பார்சல் டெலிவரிக்கு இறங்கினார். சம்பளம் கிடையாது, காண்ட்ராக்ட். கொடுத்த பார்சலுக்குத்தான் காசு.

நாகேஷுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இதே மாமா போன வருஷம் திருப்பதியில் மறுபேச்சில்லாமல் முடி கொடுத்தவர். அக்காவுக்கு ஹார்ட் ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்டது நாகேஷ்தான். தன் தலையை நேர்ந்துகொண்டால் தொம்மலூர் ஆபீஸில் கிண்டல் பண்ணுவார்களே என்று, 'அக்கா பிழைச்சா மாமா மொட்டை போடுவார்' என்று அவர் தலையை நேர்ந்துகொண்டான். அக்கா பிழைத்தாள். மாமா மீசையையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு இனித்த மொட்டை இன்றைக்கு ஏன் கசக்கிறது? அவள் செத்துப்போனதாலா?

உருமா கட்டும் நேரம் வந்தது. ஆளைக் காணோம்.

தேடிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான் நாகேஷ். ஈர வேட்டியோடு, தலையைத் துவட்டி வாரிக்கொண்டு, செல்போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நின்றுகொண்டிருந்தார் மாமா. முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நேரே பார்த்தார்.

செல்ஃபி!

நாகேஷ் பாய்ந்து போனைப் பிடுங்கினான்.

"சீ! நீங்கல்லாம் மனுஷனா? எங்கக்கா காரியத்துல செல்ஃபி கேக்குதா உங்களுக்கு?"

"நாகேசு, குடுடா. நேரம் போவுது."

"இந்தத் துண்ட உங்க தலையில கட்ட மாட்டேன். இன்னியோட உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"கட்டாத. போனை மட்டும் குடு," என்று கெஞ்சினார்.

சத்தம் கேட்டு அவர் மகள் விஜி ஓடி வந்தாள். "மாமா, அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க."

படித்தான். 'இன்று மதியத்துக்குள் உங்கள் முகத்தைக் காட்டவும். இல்லையென்றால் டெலிவரி ஐடி மூடப்படும்.'

"அப்பா வேலைக்குப் போகணும்னா, அது கேக்கும்போதெல்லாம் போன்ல முகத்தைக் காட்டணும். அது பழைய போட்டோவோட ஒத்துப்போகணும்," என்றாள் விஜி.

"விஜி, வேணாம்," என்றார் சுந்தரமூர்த்தி.

"திருப்பதியில இருந்து வந்த மறுநாள், மொட்டைத் தலையும் மீசையில்லாத மூஞ்சியுமா நின்னா, இது வேற ஆளுன்னு சொல்லிடுச்சு. ஐடிய மூடிட்டாங்க. ஆபீஸுக்குப் போயி அழாத குறையாக் கேட்டோம். 'நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, காண்ட்ராக்டு. முடி வளந்ததும் வாங்க'ன்னு சிரிச்சாங்க."

"விஜி! வாய மூடு!"

"முடி வளர்ற வரைக்கும் வருமானம் ஏது மாமா? அம்மா ஹார்ட் மாத்திரைய நிறுத்திட்டாங்க. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு எங்ககிட்டயே பொய் சொன்னாங்க. உடம்பு மறுபடி கெட்டது அப்பத்தான்."

நாகேஷ் நேர்ந்துகொண்ட முடி. அவன் கிண்டலுக்குப் பயந்து இன்னொருவர் தலையில் ஏற்றிய வேண்டுதல். அக்கா பிழைக்கட்டும் என்று கொடுத்ததே அவளைக் கொண்டுபோய்விட்டது.

சுந்தரமூர்த்தி அவன் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார். "அழுத மூஞ்சியக் காட்டினா இது ஒத்துக்க மாட்டேங்குதுடா," என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்து நேரே பார்த்தார். போனில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உடைந்து அழுதார்.

நாகேஷ் துண்டைப் பிரித்து, முடி இருந்த அந்தத் தலையிலேயே உருமா கட்டினான். முடிச்சு போடவே அவனுக்கு வரவில்லை.

"ஊரே ஏசிச்சே. நானும் ஏசினேனே. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"உங்கிட்டதான்டா சொல்லக் கூடாதுன்னு உங்கக்கா சத்தியம் வாங்கிட்டுப் போனா. தெரிஞ்சா எந்தம்பி தாங்க மாட்டான்னா."