சைபர் போட்ட மெஷின்

முதல் வெட்டு கண்ணாடிப் பெட்டியில் விழுந்தது. இரண்டாவது, உள்ளே இருந்த கம்ப்யூட்டரின் மூஞ்சியில்.

திரை படீரென்று வெடித்தது. கல்லூரி மியூசியத்தைப் பார்க்க வந்த மாணவிகள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். வாட்ச்மேன் அவர்களுக்கும் முன்னால் ஓடினான், அவனெல்லாம் ஒரு வாட்ச்மேன்!

சடையப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. பெண்ணாடத்தில் நாற்பது வருசம் கரும்பும் விறகும் வெட்டியவர். கோடாலியை ஓங்கினால் இன்னும் குறி தப்பாது.

"எம் பொண்ணுக்கா சைபரு போட்ட? எம் பொண்ணுக்கா?"

கீபோர்டு இரண்டாகப் பிளந்து எழுத்தெல்லாம் தரையில் தெறித்தது.

சிதம்பரத்தில் இந்தக் கல்லூரி 1986இல் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. அந்த வருசத்துப் பரீட்சை மார்க்கை அதில்தான் அடித்து போர்டில் ஒட்டினார்கள். கணக்கில் அவர் மகள் மலர்க்கொடிக்கு 00.

கணக்கென்றால் சோறு தண்ணி மறந்துவிடும் பிள்ளை அது. ஆபீசில் போய் அழுதிருக்கிறாள். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது, போ என்று துரத்திவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே கிணற்றில் விழுந்தாள். இறங்கித் தூக்கியவர் சடையப்பன்தான்.

எட்டாம் நாள் தபாலில் திருத்திய மார்க் வந்தது. நூற்றுக்கு நூறு. அடியில், கம்ப்யூட்டர் செய்த பிழைக்கு வருந்துகிறோம் என்று ஒரே ஒரு வரி.

வருந்துகிறார்களாம்! மனுசன் செய்திருந்தால் அன்றைக்கே தலையைச் சீவியிருப்பார். மெஷினை எங்கே போய்த் தேடுவது? இருபத்துமூன்று வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

போன வாரம் டீக்கடைப் பேப்பரில் படம் வந்தது. ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நடுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அடப்பாவிகளா! கோடாலியைச் சாக்கில் சுற்றிக் காலடியில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

மறுபடி ஓங்கியபோதுதான் கவனித்தார். ஒருவர் ஓடாமல் நின்றிருந்தார். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தசாமி. ரிட்டையராக இன்னும் ஒரு வருசமோ என்னவோ.

கோவிந்தசாமி கதவைச் சாத்தி உள்பக்கமாகத் தாழ் போட்டார். கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத உட்ருங்க பெரியவரே, அது மேல தப்பில்ல. அன்னிக்கு அதுக்குப் புரோகிராம் எழுதுனவன் நான். மார்க்குக்கு மூணு எண் போட எடம் உடலாம்னாங்க. நம்ம பக்கத்துப் புள்ளைங்கள்ல எது நூத்துக்கு நூறு வாங்கப் போவுதுன்னு, நாந்தான் ரெண்டு போதும்னு எழுதி வச்சேன். நூறுல முன்னால இருந்த ஒண்ணு உழுந்துடுச்சு."

வெளியே கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சடையப்பன் கோடாலியைக் கீழே இறக்கினார். பிடி வியர்வையில் வழுக்கியது. அதைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மறுபடி எடுத்தார்.