சுட்ட கல்

"கல்லில் வடக்கைக் காட்டி அம்புக்குறி போடக்கூடத் தெரியாதா உங்களுக்கு? என் ஆராய்ச்சியே நாசம்!" என்று பாறை ஆய்வாளர், தனக்காகப் பாறையைத் துளைத்துக் கல் எடுத்துவரும் துளைக்காரர்மேல் எரிந்து விழுந்தாள்.

பாறை இறுகியபோது வடக்கு எங்கிருந்ததோ, அந்தத் திசையைத் தன் காந்தத்தில் காத்துவைத்திருக்கும். அதைப் படித்துத்தான் பிரிந்துபோன கண்டங்களை அவள் வரைபடத்தில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். இவர் துளைத்தெடுத்த கற்களோ அளக்கும்தோறும் வேறு திசை காட்டின.

"சரியாத்தாம்மா போட்டேன். துளைச்ச குழியைக்கூட மண் வச்சு மூடிட்டுத்தான் வந்தேன்."

"பாறைக்கு வைத்தியமா? நாளையிலிருந்து வராதீங்க!"

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஆத்திரம் அடங்காமல், கல்லின் காந்தத் திசையை அளக்கும் கருவியைச் சோதித்தாள். நேற்று உலையில் சுட்டு, காந்தத்தை அடியோடு அழித்திருந்த, அவர் எடுத்துவந்த கல்லொன்றை அதில் வைத்தாள். பூஜ்யம் வரவேண்டும். வந்தது ஒரு திசை: கதவு. மறுபடி அளந்தாள்: மாடிப்படி. மறுபடியும்: தெரு.

பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நடுத்தெருவில் கிடந்த கல்லொன்றைத் துளைக்காரர் குனிந்து எடுத்து, யார் காலிலும் இடறாதபடி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரும்வரை கருவி காட்டிய திசை அசையவில்லை. அவர் நடந்தார், அதுவும் நகர்ந்தது.

"நில்லுங்க!" என்று அதட்டினாள்.

தட்டில் இருந்த, அவர் துளைத்தெடுத்த மற்றக் கற்களும் ஜன்னலை நோக்கி மெல்ல உருளத் தொடங்கின.