நாற்பது கட்டில், ஒரு தொண்டை

"மணி பத்து! கதை பேசினது போதும், எந்திரிங்க எல்லாரும்!"

ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதி ஏறும்போதே அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பக்கவாதத்தில் ஐந்து மாதமாகப் படுத்திருக்கும் அப்பாவைப் பார்க்க, வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அவளே ஒரு நர்ஸ்.

அவள் வழி விசாரித்து வார்டுக்குள் போய்ச் சேர்ந்தபோது, கத்திய நர்ஸ் மேஜைக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வார்டில் அவளுக்குப் பெயர் 'சங்கு'. ஆஸ்பத்திரியில் வைக்கிற பெயரா அது என்று கேட்காதீர்கள். தொண்டை அப்படி.

"இப்படியா கத்துவாங்க சிஸ்டர்? இது ஆஸ்பத்திரியா, சந்தையா?"

"கத்தலைன்னா இங்க ஒண்ணும் நடக்காதும்மா. பதினாலாம் கட்டில் ஐயாவோட பொண்ணுதானே நீ? நீயும் நம்ம ஆளாமே." சங்கு பேனாவை மூடினாள். "அங்க ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்?"

"முதல்ல போன மணல் நாட்டுல பத்து. சம்பளம் பரவாயில்ல, ஆனா பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வெச்சுட்டாங்க. இப்ப இருக்கிற குளிர் நாட்டுல நாலே பேர். ஆளைத் தூக்க மெஷின் இருக்கு, காத்து மெத்தை இருக்கு. இடுப்பு வலின்னா சம்பளத்தோட லீவு."

"சம்பளம் எவ்வளவு?"

சொன்னாள். சங்கு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"என் ஒரு வருஷம் உனக்கு ஒரு மாசம். நல்லா இரும்மா. இங்க நாப்பது கட்டிலுக்கு ரெண்டு பேரு. அதுவும் வருஷா வருஷம் கையெழுத்துப் போடற வேலை. ஒரு புகார் வந்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

பாவம்தான். ஆனால் இவளுக்குப் பாவம் பார்த்தால் அப்பாவை யார் பார்ப்பது? வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய டாக்டருக்குப் புகார் எழுத ஆரம்பித்தாள். 'நோயாளிகளின் உறவினர்களை மிரட்டுகிறார். நாற்காலியை விட்டு எழுவதில்லை.'

"மணி பன்னண்டு! எந்திரிங்க! கடைசிக் கட்டில், அங்க என்ன தூக்கம்?"

இன்னொரு வரி சேர்த்தாள்.

புகாருக்கு ஆதாரம் வேண்டும். அதை எங்கே தேடுவது என்று ஒரு நர்ஸுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐந்து மாதம் அசையாமல் கிடந்தவர் முதுகு படுக்கைப் புண்ணாகத்தான் இருக்கும். நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போனாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அப்பாவின் சட்டையைத் தூக்கினாள்.

முதுகில் ஒன்றுமில்லை.

இடுப்பு, குதிகால், முழங்கை, காதுமடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சிவப்புத் திட்டுகூட இல்லை. பவுடர் மணந்தது.

நாலே பேரைப் பார்க்கிற அவளுடைய வார்டிலேயே, காற்று மெத்தையின் மேலேயே, போன மாதம் ஒருவருக்குப் புண் வந்து விசாரணை நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காமல், ஐந்து மாதமும் யாரோ அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்கு யார் இருக்கிறார்கள்?

"மணி ரெண்டு! எந்திரிங்க எல்லாரும்!"

திரை விலகியது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. பன்னண்டு மணிக்கு இடது பக்கம் படுக்க வெச்சேன். இப்ப வலது."

"நீங்களா?"

"ஐயாவுக்குத் துணைக்கு ஆள் இல்லையே. எங்க வீட்டுக்காரரைப் புரட்டிட்டு அடுத்தது இவரு. கை எங்க பிடிக்கணும், தலையணை எங்க வைக்கணும்னு எல்லாம் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். தப்பா வெச்சா மானம் போயிடும்."

"ராத்திரியில?"

"ராத்திரி எந்த சிஸ்டரும் கத்த மாட்டாங்க. லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போடுவாங்க."

அவள் திரையை முழுதாகத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். நீளமான அந்த வார்டு முழுக்க மனைவிகளும் மகன்களும் அண்ணன்மாரும் குனிந்திருந்தார்கள். நாற்பது உடம்புகள் ஒரே நேரத்தில் இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆள் போதாத கட்டில்களுக்குச் சங்கு ஓடிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஐந்தே நிமிடம். பிறகு சங்கு நாற்காலிக்கு வந்து, எந்தக் கட்டில் எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருட சர்வீஸில் எந்த நாட்டிலும் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பிரமிப்பில் போனை மூடக்கூட மறந்து நின்றாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க சிஸ்டர் இதை?"

"கத்துக்க என்ன இருக்கு? எனக்குக் கை ரெண்டுதான். தொண்டை மட்டும் பெரிசு."

புகார்க் கடிதம் குப்பைத் தொட்டிக்குப் போனது.

மணி நான்கானபோது சங்கு வார்டின் கோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கிசுகிசுத்தே பழகிய குளிர் நாட்டு நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். போய் வார்டின் நடுவில் நின்றாள்.

"மணி நாலு... எல்லாரும் எந்திரிங்க."

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கோடியிலிருந்து பதில் வந்தது.

"கடைசிக் கட்டிலுக்குக் கேக்கலம்மா. இன்னும் கத்து."