சீட்டுக்கடியில் ஒரு சாண்

"என் கைச் சாணை வச்சுத்தான் இந்த நாட்டு ரயிலையே கட்டினாங்க" என்று தில்லைநாயகம் சூட்கேஸ் கடையில் அடித்துச் சொன்னார். நாற்பது நாள் வடநாட்டுப் பயணம். பெட்டி சீட்டுக்கடியில் நுழையாவிட்டால் அப்படியே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி செண்பகவல்லி எச்சரித்திருந்தாள். கடைக்காரர் நீட்டிய டேப்பை அவர் தொடவே இல்லை. சாண் போட்டே பத்தொன்பது சூட்கேஸ்களைத் தள்ளிவிட்டு இருபதாவதைத் தூக்கிவந்தார். ரயிலில் அது சீட்டுக்கடியில் பாதி நுழைந்து நின்றுவிட்டது. செண்பகவல்லி இறங்கிப்போகச் செருப்பைத் தேடினாள். தனியாகக் காசி போகும் கோலம் அவர் கண்முன் வந்தது. வண்டி ஊதியதும் தரையில் உட்கார்ந்து இரண்டு காலாலும் ஓர் உதை விட்டார். பெட்டி கைப்பிடியோடு உள்ளே போய்விட்டது. சுற்றிலும் ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. செண்பகவல்லி குனிந்து பார்த்தாள்.

"ஒத்துக்கறேங்க, ரயிலே உங்க சாண்தான். இப்ப எனக்கு மாத்துப் புடவை வேணும். வெளிய எடுங்க."