ஒன்பதாம் பக்கம்

“பாவற்காய்க் கறியுமா அதில எழுதியிருக்கு?”

கேட்ட யோகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நாகலட்சுமி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை வளர்ப்புத் தாய்மாரிடம் ஒப்படைத்து மேற்பார்க்கும் நிறுவனத்தில் அவள்தான் யோகாவுக்குப் பொறுப்பதிகாரி. இருப்பது சிட்னியின் கெல்லிவில்லில், பேச்சு சென்னைப் பேச்சு.

“ஆமாங்க. கோபம் வந்தா சத்தம் போடுறீங்களாம். ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போக முக்கால் மணி நேரம் லேட்டாம். பாவக்காய் சாப்பிட்டே ஆகணும்னு கட்டாயப்படுத்துறீங்களாம். நீங்க அப்ளை பண்ணின லெவல் த்ரீ உங்களுக்குச் சரிப்படாதுன்னு உங்க வீட்டை நல்லாத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொல்லியிருக்காங்க.”

“ஆர் அது?”

“பேர் சொல்லக் கூடாதுங்க. ரூல்ஸ். அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

பேர் வேறு சொல்ல வேண்டுமா? படி இறங்குவதற்குள் யோகாவுக்குப் பிடிபட்டுவிட்டது. கார் பற்றரி செத்துப் பிந்திய கதையை அவள் தொலைபேசியில் சொன்னது, தன்னைப் போலவே வளர்ப்புத் தாயான சிநேகிதி விஜயாவிடம் மட்டும்தான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்து பாவற்காய்க் கறி சாப்பிட்டதும் விஜயாதான். விண்ணப்பத்தில் நற்சாட்சி சொல்ல அவள் பெயரைக் கொடுத்ததும் யோகாவேதான்.

யோகா யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் படிப்பித்தவள். சிட்னிக்கு வந்த பிறகு அந்தச் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்ப்புத் தாயாகப் பதிந்து, சனிக்கிழமை தோறும் பரமட்டாவுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போய், முக்கி முனகி இரண்டாம் நிலைக்கு ஏறியிருந்தாள். மூன்றாம் நிலைக்காரரிடம் அடித்து உடைக்கிற, வீட்டை விட்டு ஓடுகிற பிள்ளைகளையும் நம்பி ஒப்படைப்பார்கள். உனக்கும் ஒரு தொழில் தெரியும் என்று இந்த நாடு அவளுக்கு எழுதித் தரப் போவது அந்த ஒரு கடதாசியில்தான்.

மூன்றாம் நிலைக்கான 2012ஆம் ஆண்டு விண்ணப்பம் பதினொரு பக்கம். அவளிடம் வளரும் ஒன்பது வயதுத் தாரகா பக்கத்தில் இருந்து கேள்விகளைச் சத்தமாக வாசிக்க, யோகா ஒரே மாலையில் ‘யெஸ்’, ‘நோ’ கட்டங்களில் மளமளவென்று புள்ளடி போட்டு முடித்தாள். பிள்ளைக்கும் வாசிப்புப் பயிற்சி ஆயிற்று. அத்தனையும் இப்போது பாழ்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் தாரகாவை ஏற்றிக்கொண்டு நேரே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் காரை விட்டாள். நினைத்தபடியே விஜயா கார் தரிப்பிடத்தில் அர்ச்சனைத் தட்டும் கையுமாக நின்றாள். இரண்டு வருடம் தாரகாவை வளர்த்து, பிறகு யோகாவிடம் கைமாற்றிவிட்டவள் அவள்தான். மூன்றாம் நிலைக்கு ஏறியதிலிருந்து ஆளுக்கு நடையே மாறிவிட்டது என்று யோகாவுக்குப் பட்டது.

“ஏன் விஜயா இப்பிடிச் செய்தனீ? நானும் உன்னளவுக்கு ஏறிப்போடுவன் எண்ட எரிச்சலே?”

“என்னடி சொல்லுறாய்?”

“பாவற்காய்க் கறியை ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாய்தானே? அதையே கொண்டுபோய்க் கோள் சொல்ல உனக்கு எப்பிடி மனம் வந்தது?”

“ஐயோ, பிள்ளையாணைச் சொல்லுறன், நான் உன்னைப் பற்றி நல்லதைத் தவிர ஒண்டும் சொல்லேல்லை!”

“எந்தப் பிள்ளையாணை?”

விஜயாவின் பார்வை காருக்குள் இருந்த தாரகாவிடம் போய்ச் சட்டென்று திரும்பியது. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு வேறென்ன செய்யும் என்று யோகா நினைத்தாள். கூடப் பிறந்தவள் மாதிரி வைத்திருந்தேனே, இப்படிக் கழுத்தறுத்துவிட்டாளே என்று பொருமிக்கொண்டே காருக்குத் திரும்பினாள்.

காரை எடுத்தவளுக்குத் தெரு தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.

“ஏன் அன்ரி அழுறீங்கள்?” என்றாள் பின்னாலிருந்த தாரகா.

“எனக்கு லெவல் த்ரீ தரமாட்டினமாம், பிள்ளை. பாவற்காய்க் கறி தின்னச் சொன்னதைக்கூடப் போய்ச் சொல்லிப்போட்டாள் விஜயா.”



“ஸொறி அன்ரி. ஒஃபீசில இருந்து ஸ்கூலுக்கு வந்த மிஸ் உங்களைப் பற்றிக் கேக்கேக்குள்ள, எனக்கு வேற ஒரு குறையும் ஞாபகம் வரேல்லை.”

யோகா காரை ஓரங்கட்டினாள். விஜயா செய்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கலாம். இது அவள் காலையில் தலை பின்னிவிட்ட பிள்ளை. நேற்றுக்கூட அவள் மடியில் தலை வைத்து நித்திரையான பிள்ளை.

“நீயா சொன்னனீ? நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?”

“ஒண்டும் இல்லை. விஜயா அன்ரி லெவல் த்ரீ எடுத்த உடனதான் என்னை விட்டவா.”

“அதுக்கு? நானும் அப்பிடி உன்னை விட்டிடுவன் எண்டு நினைச்சியே?” யோகா பின்னால் திரும்பினாள். “சொல்லு! நான் எப்பவாவது அப்பிடி ஒரு வார்த்தை சொன்னனானே?”

தாரகா குனிந்து புத்தகப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்பதாம் பக்கத்தில, ‘லெவல் த்ரீ கிடைச்சால், இப்ப இருக்கிற பிள்ளையை வேற வீட்டுக்கு மாத்தச் சம்மதமோ’ எண்டு நான்தானே அன்ரி வாசிச்சனான். நீங்கள் யெஸ் போட்டனீங்கள்.”