கூப்பிட்ட குரலுக்கு

ஹெட்போனில் சத்தம் வரும்போதெல்லாம் யதுஷா கையைத் தூக்கினாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

“காதுல ஒரு குறையும் இல்லம்மா,” என்றார் டாக்டர். “பக்கத்து ரூம்ல பேசுறதுகூட இவளுக்குக் கேக்கும்.”

கூட்டி வந்திருந்த ரங்கநாயகிக்கு நிம்மதி வரவில்லை. “பின்ன ஏன் டாக்டர், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்கிறா? மூணு மாசமாப் பாக்குறேன்.”

“அஞ்சு வயசுப் பிள்ள. படகுல வரும்போது என்னத்தப் பாத்துச்சோ. அதிர்ச்சியா இருக்கலாம். பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்க, நாலு பிள்ளைகளோட பழகுனா சரியாயிரும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் தவமலர். மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை இன்னும் இறுக்கினாள்.

இலங்கையிலிருந்து தப்பி வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அனுமதியோடு மதுரைக்கு வந்தவர்கள் அந்தத் தாயும் மகளும். கோவில், பள்ளிவாசல், சர்ச் என்று மூன்று பக்கத்து ஆட்களும் சேர்ந்த சின்னக் குழு ஒன்று அவர்களுக்குப் பொறுப்பேற்றிருந்தது. கோச்சடையில் தன் வீட்டு மாடியை ஜமால் பாய் ஒழித்துக் கொடுத்தார். அடுப்பு, பாத்திரம், பாய் தலையணை எல்லாம் எஸ்தர் டீச்சர் கொண்டுவந்து இறக்கினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட அலைச்சல் ரங்கநாயகியின் பங்கு.

வந்த அன்றைக்குத்தான் தவமலர் படகில் நடந்ததைப் பற்றி வாய் திறந்து பேசினாள். அதுவும் ஒரே தடவை.

“விடியப்புறம் மணல் திட்டுக்குக் கிட்ட வரேக்க பெரிய அலை ஒண்டு அடிச்சுது அக்கா. படகு சரிஞ்சிட்டு. எங்களோட வந்த ஒரு பொம்பிளையும் அவவின்ட மகளும் போயிட்டினம். என்ட பிள்ளையை மட்டும் நான் விடேல்ல.”

“அய்யோ. அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு? அவுக சனத்துக்குத் தகவல் சொல்லியாச்சா?” என்று கேட்டார் எஸ்தர் டீச்சர்.

“பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. படகிலதான் பாத்தனான்.”

அதற்குப் பிறகு கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. புருஷனையும் முன்பே பறிகொடுத்தவள். குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டினாலே முகம் வெளுத்துப்போகும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கண்ணை இமைக்க மாட்டாள். துணி மடிக்கிற நேரத்திலும் ஒரு கை மகளின் மேல் இருக்கும். பகலில் பிள்ளை அயர்ந்து தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள்.

“கடல் அந்தப் புள்ளைய இன்னும் விடலம்மா,” என்றார் ஜமால் பாய் ஒருநாள். “அல்லாதான் அதுக்கு மனத்தெம்பக் கொடுக்கணும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வைகையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ பாலத்தில் ஏறியதும் தவமலர் மகளின் முகத்தைத் தன் மார்போடு திருப்பி அணைத்துக்கொண்டாள். பாலம் தாண்டும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரங்கநாயகி சொன்னாள், “நாளைக்குக் காலையில அட்மிஷன். பிறப்புச் சான்றிதழ் ரெண்டு ஜெராக்ஸ் வேணும். குடு, எடுத்துட்டு வாரேன்.”

“இல்லையக்கா, நானே போறன்.”

நனைந்து காய்ந்து மொறமொறத்துப் போன அந்தத் தாளை அவள் யார் கையிலும் கொடுப்பதில்லை. பிள்ளையையும் கூட்டிப் போகத்தான் எழுந்தாள்.

“உச்சி வெயில்ல அவ எதுக்கு? தெருமுனை தானே. நான் பாத்துக்கிறேன், போ.”

தவமலர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். மூன்று மாதத்தில் பிள்ளையை அவள் தனியே விட்டது அதுதான் முதல் தடவை.

ரங்கநாயகி டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது. குளியலறைப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது.

பிள்ளை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். தண்ணீர் டிரம்முக்குள் தலையை நீட்டி, ரகசியம் பேசுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“யதுஷா… யதுஷா… வா. அம்மா அழுறா.”

ரங்கநாயகி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெல்லப் போய் அவளைத் தூக்கி இறக்கினாள். சின்ன முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“உன்னையவே ஏன் கண்ணு கூப்பிடுற? தண்ணிக்குள்ள தெரியிறது நீதான்டா.”

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மாட்டச் சொல்லமாட்டீங்கள்தானே? சொன்னா அவா திரும்பக் கடலுக்குப் போயிருவா.”

“சொல்லமாட்டேன்டா.”

மாடிப்படியில் தவமலர் மூச்சிரைக்க ஓடி வருகிற சத்தம் கேட்டது. பிள்ளை எட்டி ரங்கநாயகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதருகே அவசரமாகச் சொன்னாள்.

“என்ட அம்மாவும் யதுஷாவும் கடலோட போயிட்டினம். நான் மிதுனா.”